வாசற்படியைத் தாண்டினால் சிங்கப்பூர்!

சக்கர நாற்காலியோடு வெளிநாடு போக முடியுமா? திருவொற்றியூரிலிருந்து கிளம்பிப் பார்த்த அனுபவமும், கிளம்பப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகளும்!

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு படிகள். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அப்பா கட்டியது. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். வீட்டில் மற்றவர்கள் அதைக் கவனித்ததுகூட இல்லை. எனக்கோ, யாராவது ஒருவர் வீட்டில் இருந்தால்தான் அதைத் தாண்ட முடியும்.

ஒன்றரை வயதில் போலியோ. இப்போது எனக்கு 49 வயது. பள்ளி நாள்களில் காலிப்பரும் ஊன்றுகோலும். தோள்கள் ஒத்துழைக்க மறுத்த பிறகு, பத்து வருடங்களாகச் சக்கர நாற்காலி. வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு உலக வரைபடத்தைக் காட்டிப் பூகோளம் சொல்லித்தரும் நான் போன அதிகபட்ச தூரம் திருப்பதி!

போன வருடம் அக்கா மகளுக்குச் சிங்கப்பூரில் குழந்தை பிறந்தது. வீடியோ காலில் ஒருநாள் கேட்டேவிட்டாள். "சித்தி, எல்லாரும் வந்து பாத்துட்டாங்க. நீ மட்டும்தான் பாக்கி. இன்னும் எத்தனை நாளைக்குச் சாக்கு சொல்லுவே?"

"என்னை யாரு தூக்கிட்டு வர்றது?" என்பதுதான் இருபது வருடங்களாக நான் சொல்லும் சாக்கு. வெளியே சொல்லாத காரணம் வேறு. பாத்ரூம். வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்னைப் போன்ற பல பெண்களுக்குப் பழகிப்போன விஷயம். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, பேங்க் என்று எங்கே போனாலும் அதே கணக்குதான். அந்தக் கணக்கோடு வெளிநாடு போக முடியுமா என்ற பயம்.

"வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதல் அரை கிலோமீட்டர்

சாய்தளத்துக்கு உலகம் முழுக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். அப்போதுதான் நாற்காலியில் இருப்பவர் யார் உதவியும் இல்லாமல் ஏறி இறங்க முடியும். எங்கள் இரண்டு படிகளும் சேர்ந்தால் சரியாக ஓர் அடி. ஆனால், எங்கள் தெருவின் அகலமே பத்து அடிதான்!

தம்பி ஒரு தச்சரைப் பிடித்து, மடக்கக்கூடிய ஆறடிப் பலகை ஒன்று செய்தான். சரிவு அதிகம்தான். அதனால் இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, ஒருவர் பிடித்துக்கொண்டு இறக்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் நாம் குப்புற விழ வாய்ப்பு உண்டு. சக்கர நாற்காலி உள்ள எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

தெருவைத் தாண்டினால் திருவொற்றியூர் நெடுஞ்சாலை. வட சென்னைக்காரர்களுக்கு இந்தச் சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நாங்கள் கன்டெய்னர் லாரிகளோடு வாழ்பவர்கள். நாற்பதடிப் பெட்டியைக் கப்பலிலிருந்து இறக்கி, லாரியில் ஏற்றி, ஊர்விட்டு ஊர் கொண்டுபோக கிரேன் முதல் சாலை வரை எல்லாம் இருக்கிறது. இரண்டேகால் அடி அகல நாற்காலிக்குத்தான் நடைபாதையில் இடமில்லை. டிரான்ஸ்ஃபார்மர், இளநீர் வண்டி, நிறுத்திவைத்த பைக்குகள். வேறு வழியில்லாமல் லாரி ஓரமாகவே தம்பி என்னைத் தள்ளிக்கொண்டு போனான். சிங்கப்பூர் பயணத்தில் நான் உண்மையிலேயே பயந்தது அந்த அரை கிலோமீட்டரில்தான்.

ஒரே ரயில், விமான நிலையம்!

மெட்ரோ நிலையத்துக்குள் நுழைந்ததும் காட்சி மாறியது. லிஃப்ட். அகலமான டிக்கெட் கேட். பெட்டிக்குள் சக்கர நாற்காலிக்கென்று தனி இடம்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ பாதை திறக்கப்பட்டது 2021 பிப்ரவரி 14 அன்று. அதன் முழு அருமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இந்த நீலத் தடத்தின் ஒரு முனையில் எங்கள் விம்கோ நகர், மறுமுனையில் சென்னை விமான நிலையம். சுமார் 32 கி.மீ. ரயில் மாற வேண்டியதில்லை. யாரும் என்னைத் தூக்க வேண்டியதில்லை. டோல்கேட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியே எங்கள் ஊர் கூரைகளை மேலே இருந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல் முறை!

"அக்கா, அழுவுறியா?" என்றான் தம்பி.

"ஏசி காத்து" என்றேன்.

பஸ்ஸுக்காக நடந்த வழக்கு

மெட்ரோ வருவதற்கு முன்பு? ஆட்டோதான். எங்கள் பகுதியில் ஓடும் பஸ்களின் முதல் படிக்கட்டே எனக்கு மலை. வழக்கமான பஸ்ஸின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மி.மீ. உயரத்தில் இருக்கும். தாழ்தளப் பேருந்தில் அது 400 மி.மீ.தான். நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும். கதவருகே சாய்தளம் விரியும்.

இந்த பஸ்கள் சென்னைக்குத் தானாக வந்துவிடவில்லை. எல்லோரும் ஏறக்கூடிய பஸ்தான் வாங்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார். 2024 ஆகஸ்ட்டில் 58 தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. வட சென்னைக்கு இது பெரிய விஷயம்.

இன்னொரு தகவல். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும், உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. ஏற முடிந்தால், காசு வேண்டாம். ஆனால், எனக்கு 'ஏற முடிந்தால்' என்பதுதானே கேள்வியே!

ரயிலுக்கும் இதே கதைதான். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது எங்கள் ராயபுரத்திலிருந்து. இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இந்தியாவிலேயே பழமையானது அது. ஆனால், அந்த ரயில் ஓடி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், நீண்ட தூர ரயில் பெட்டியின் குறுகலான கதவையும் செங்குத்துப் படிகளையும் தாண்ட என்னை இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. தூக்குபவர்கள் நல்ல மனதோடுதான் தூக்குகிறார்கள். முன்பின் தெரியாத ஆண்களின் கை தன் மேல் படுவதை ஒரு பெண் எப்படி எடுத்துக்கொள்வாள் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

இறக்கிவிடப்பட்டவர்கள்

விமானம் பற்றி எனக்கு இருந்த பயத்துக்குக் காரணம், செய்தித்தாளில் படித்தவை.

2012 பிப்ரவரி 19. மூளை முடக்குவாதத்தோடு வாழும் கொல்கத்தா செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், ஒரு மாநாட்டுக்காக கோவா கிளம்பினார். விமானத்தில் ஏறி இருக்கையில் உட்கார்ந்த பிறகு, அவருடைய உடல்நிலையைக் காரணம் காட்டி இறக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. 2016 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்தார்கள். சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 5 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பிறகு விதியும் மாறியது. உடல் குறைபாட்டை மட்டும் காரணம் காட்டி ஒருவரை ஏற்ற மறுக்கக் கூடாது. பயணத்தின்போது உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்தால், மருத்துவர் நேரில் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். சிப்பந்தி பார்வையிலேயே முடிவுசெய்ய முடியாது.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பஸ், ரயில், விமானம் எல்லாவற்றிலும் எங்களுக்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அணுகல் வசதி என்பது 'செய்தால் நல்லது' என்ற வகை வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக இருக்க வேண்டும் என்றது.

என் கதைக்கு வருகிறேன். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தோம். விமானத்தின் கதவு வரை என் சொந்த நாற்காலியிலேயே போனேன். அங்கிருந்து இருக்கை வரை, நடைவழிக்குள் நுழையும் ஒடுக்கமான ஒரு நாற்காலி. பணிப்பெண் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "நாங்கள் எப்படி உதவினால் உங்களுக்கு வசதி, மேடம்?"

தம்பியிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்! பேங்க்கிலும் கடையிலும் "அவங்களுக்கு என்ன வேணும்?" என்று என் தலைக்கு மேலே கேட்டுப் பழகிய எனக்கு, பதில் சொல்லவே கொஞ்ச நேரம் பிடித்தது.

எல்லாமே இனிப்பாக முடியவில்லை. திரும்பி வந்தபோது நாற்காலியின் கால்தாங்கி வளைந்து வந்தது. "ஏற்கெனவே இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். கிளம்பும்போது தம்பி நாலு பக்கமும் எடுத்துவைத்த போட்டோக்களைக் காட்டிய பிறகுதான் புகாரை எழுதிக்கொண்டார்கள். பழுதுபார்க்கும் செலவு கைக்கு வர ஏழு வாரம்!

யாருமே திரும்பிப் பார்க்கவில்லை

சிங்கப்பூரில் என்ன பார்த்தேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது ஒரு பஸ் நிறுத்தம்.

பஸ் வந்தது. ஓட்டுநர் இறங்கி வந்தார். வாசலில் மடிந்திருந்த தகட்டை விரித்தார். நான் ஏறினேன். தகட்டை மடித்தார். பஸ் கிளம்பியது. உள்ளே யாரும் 'உச்' கொட்டவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அங்கே 2020 டிசம்பரிலிருந்து எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலி ஏறலாம். தினமும் நடக்கும் விஷயத்தை யார் வேடிக்கை பார்ப்பார்கள்?

லிட்டில் இந்தியாவுக்கு எம்.ஆர்.டி. ரயிலில் போய், லிஃப்ட்டில் மேலே வந்து, சிராங்கூன் சாலையில் மல்லிப்பூ வாங்கினேன். பெரிய நிலையங்களில் எனக்கேற்ற கழிப்பறை இருந்தது. மூன்றாவது நாள்தான் கவனித்தேன், வெளியே கிளம்பும் முன்பு வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்! நான் பார்த்த அதிசயங்களில் அதற்குத்தான் முதலிடம்.

ஒருநாள் மாலை ஈஸ்ட் கோஸ்ட் பார்க். கடலை ஒட்டியே சமமான பாதை. கைக்குழந்தையோடு அவள் நிழலில் உட்கார்ந்துகொள்ள, நானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு தனியாகப் போனேன். தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன. எங்கள் ஊர்க் கடலிலும் இதே கப்பல்கள்தான் நிற்கும். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், கடலுக்குப் பக்கத்தில் தனியாகப் போய் நின்றது 49 வயதில், வேறொரு நாட்டில்.

நம்ம கடல்

ஏன் நம் ஊரில் முடியவில்லை? அதற்கும் ஒரு கதை உண்டு.

நம் கடற்கரையை ஒட்டி மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியபோது, அந்த மணல் தெற்கிலேயே தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை மணல் வராமல் கடல் ஊருக்குள் ஏறியது. அதைத் தடுக்கத்தான் கரை நெடுகப் பாறைகள், கடலுக்குள் தூண்டில் வளைவுகள்.

மெரினாவில் மணலைத் தாண்டிக் கடலருகே போக, 2022 நவம்பர் 27 அன்று மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். வருடம் முழுக்க வேண்டும் என்று உரிமை அமைப்புகள் கேட்டுக் கேட்டுத்தான் நிரந்தரப் பாதை வந்தது.

மனது வைத்தால் எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியா வந்தார். அவர் பார்க்க விரும்பிய குதுப்மினார், ஜந்தர் மந்தர் போன்ற டெல்லி நினைவுச் சின்னங்களில் அதுவரை இல்லாத சாய்தளங்கள் அவருக்காகப் போடப்பட்டன. நூற்றாண்டுக் கணக்கில் 'முடியாது' என்று இருந்தது, ஒரு விருந்தாளிக்காகச் சில நாள்களில் முடிந்தது!

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் மாரியப்பன் தங்கவேலு, துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் நான்கு பேரும் பதக்கம் வென்று வந்தார்கள். கொண்டாடினோம். அவர்களைப் போல மெடல் வாங்குகிறவர்களுக்கு மட்டுமல்ல, அக்கா பேத்தியைக் கொஞ்சப் போகிற என்னைப் போன்றவர்களுக்கும் வழி வேண்டும்.

பாறை போட்ட கரையில் மணல் வேண்டாம். பாறைகளுக்கு இந்தப் பக்கம், சாலையோரமாகச் சமமாக ஒரு மேடை, அதற்கு ஒரு சாய்தளம், கிட்டத்தில் ஒரு கழிப்பறை. திருவொற்றியூரில் மாலைக் காற்று வாங்க என்னைப் போன்றவர்களுக்கு அது போதும். முழங்கால் வலிக்கும் பாட்டிகளுக்கும், தள்ளுவண்டியில் குழந்தையைக் கூட்டி வருகிறவர்களுக்கும்தான்.

கிளம்பும் முன்...

* யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் விண்ணப்பியுங்கள். இந்தியா முழுக்கச் செல்லும்.

* துணையில்லாமல் பயணிக்க இயலாத உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசி போன்றவற்றில் 75%, முதல், இரண்டாம் வகுப்பு ஏசியில் 50% சலுகை உண்டு. உடன் வரும் ஒருவருக்கும் அதே சலுகை. ரயில்வேயின் தனி அடையாள அட்டை வாங்கிவிட்டால் ஆன்லைனிலேயே சலுகை டிக்கெட் எடுக்கலாம். பயணத்தில் பிரச்னை என்றால் 139.

* விமானம் என்றால், என்ன உதவி வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது தெரிவிக்க வேண்டும்.

* 'நடக்க முடியும், படி ஏற முடியாது', 'இருக்கை வரை தூக்கி உட்கார வைக்க வேண்டும்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே 'வீல்சேர்' என்றால் அவர்களுக்குப் புரியாது.

* சொந்த நாற்காலியை விமானத்தின் கதவருகே ஒப்படைப்பதாகவும், இறங்கும் இடத்தில் கதவருகிலேயே வேண்டும் என்றும் கேளுங்கள். மெத்தை, கழற்ற முடிந்த பாகங்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒப்படைக்கும் முன்பு நாலு பக்கமும் போட்டோ அவசியம்.

* பேட்டரி நாற்காலி என்றால் பேட்டரியின் வகை, திறன் எழுதியுள்ள லேபிளை போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்குப் பொதுவான வரம்பு 300 வாட்-ஹவர். அதைப் பெட்டியில் போடாமல் கையில்தான் கொண்டுபோக வேண்டும்.

* பாதுகாப்புச் சோதனையில் காலிப்பரையோ செயற்கைக் காலையோ எல்லோர் முன்னும் காட்டத் தயக்கமாக இருந்தால், தனி அறை கேளுங்கள்.

* தங்கும் இடத்தில் 'வசதி இருக்கிறதா?' என்று கேட்டால் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும். குளியலறைக் கதவின் அகலம் எத்தனை அங்குலம், வாசலில் எத்தனை படி என்று கேளுங்கள். போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

பலகை எங்கே?

ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. வந்த மறுவாரம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து நின்றான். "ஆன்ட்டி, அந்தப் பலகையைக் கொஞ்சம் குடுங்களேன். ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்." பக்கவாதம் வந்து எட்டு மாதமாக அந்த ஆயா வாசலுக்கே வரவில்லை என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இப்போது வாரம் இரண்டு நாள் பலகை அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு மட்டுமில்லை, வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயில் வாசல் வரை ஆயா போய் வருகிறார். நான் எங்காவது கிளம்ப வேண்டுமென்றால், முதலில் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தம்பியிடம் இன்னொரு பலகைக்குச் சொல்லியிருக்கிறேன்.